மீட்புப் படையினரின் கம்பியில்லாச் சாதனங்களும் அரசாங்க நிதியும்

திருவனந்தபுரத்துக்கு வடகிழக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின்மீது, கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது பொன்முடி. அடிவாரத்துக் கல்லாற்றிலிருந்து மேலே செல்லும் சாலையில் 22 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. குளிர்ந்த காற்றையும் மூடுபனியையும் நாடி வரும் பிரயாணிகளுக்கு இஃது ஓர் உல்லாச ஸ்தலம். போலீஸ் இலாகாவினருக்கோ இது கம்பியில்லாச் செய்திப் போக்குவரத்துக்கு வாய்த்த ஒரு கோபுரம். வானிலையை ஆராயும் விண்வெளி விஞ்ஞானிகளும் இம்மலையில் ஓர் ஆய்வு நிலையம் அமைத்துள்ளனர். இவர்கள் எல்லோரும் இம்மலையை நாடுவதற்குக் காரணம் ஒன்றே; அதுவே அதன் உயரம்.

வெள்ளம், புயல், மலைச்சரிவு, தீ ஆகியவை நேரும்போது ஆட்களும் படகுகளும் மருந்தும் இருந்தும், எங்கே எது தேவை என்னும் செய்தி உரிய நேரத்தில் எட்டாமற் போனால் அவை யாவும் பயனற்றுப் போகும். அச்செய்தியைக் கொண்டு செல்லும் சாதனங்களை வாங்கவும் பேணவும் அரசாங்கங்கள் பொதுப்பணத்திலிருந்து உதவி அளிக்கின்றன. அவ்வுதவி எவ்வழியாக வருகிறது, அதனை எவற்றின்மீது செலவிட்டால் உயிர்கள் காக்கப்படும் என்பவற்றைக் கள ஊழியரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம். இதற்கு முதற்கண் வானொலி அலையின் இயல்பைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். அலையின் இயல்பை அறியாமல் செய்யும் செலவு பெரும்பாலும் வீண் செலவாகவே முடியும்.

அலை செல்லும் தூரம்

போலீஸாரும் தீயணைப்புப் படையினரும் கையில் ஏந்திச் செல்லும் ‘வாக்கி-டாக்கி’ பெரும்பாலும் மிக உயர் அதிர்வெண் அலைகளில் இயங்குவது. 150 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை எடுத்துக்கொண்டால், 300ஐ 150ஆல் வகுக்கக் கிடைக்கும் 2 மீட்டரே அதன் அலை நீளமாகும். அதில் நான்கில் ஒரு பங்கான அரை மீட்டர் நீளமுள்ள ஏரியல் இவ்வலைக்கு இசைந்தது. கையடக்கமாக இருத்தற்பொருட்டு இதனையும் குறுக்கிச் சுருளாக அமைப்பர்.

இவ்வலைகள் ஒளியைப்போல் ஏறக்குறைய நேர்கோட்டிலேயே செல்கின்றன. பூமியோ உருண்டையானது. ஆதலின் ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் பூமியின் வளைவே அலைக்குத் தடையாகிறது. இத்தூரத்தைக் கணிக்க எளிய விதி ஒன்று உண்டு. ஏரியலின் உயரத்தை மீட்டரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால், அலை எட்டும் அடிவானத் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். கண்ணுக்குத் தெரியும் அடிவானத்துக்கு 3.57ஆல் பெருக்குதல் வேண்டும். காற்று மண்டலம் வானொலி அலையைச் சற்றே கீழ்நோக்கி வளைப்பதால் அது கண் பார்வையைவிடச் சிறிது கூடுதலாகச் செல்கிறது.

சில உதாரணங்களைக் காண்போம். சமநிலத்தில் நிற்கும் ஒருவர் தம் வாக்கி-டாக்கியை 1.5 மீட்டர் உயரத்தில் பிடித்திருக்கிறார். 1.5இன் வர்க்கமூலம் சுமார் 1.22; இதனை 4.12ஆல் பெருக்க, 5 கிலோமீட்டர் வரும். எதிரில் இருப்பவருக்கும் 5 கிலோமீட்டர். ஆகவே தடை ஏதும் இல்லாத வெட்டவெளியில் இருவரும் அதிகபட்சம் 10 கிலோமீட்டர் தூரத்தில் இருந்து பேசலாம். தென்னந்தோப்பும் வீடுகளும் நிறைந்த ஊரிலே இது மிகவும் குறைந்துபோகும்.

இனிப் பொன்முடியைப் பார்ப்போம். 1,100இன் வர்க்கமூலம் சுமார் 33.2. இதனை 4.12ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 137 கிலோமீட்டர் வருகிறது. பொன்முடியிலிருந்து விழிஞ்ஞம் கடற்கரைக்கு வான்வழித் தூரம் சுமார் 45 கிலோமீட்டர். எனவே, இடையில் வேறு குன்று மறைக்காத திசைகளில், இம்மலை உச்சியிலுள்ள ஏரியல் நகரத்தைக் கடந்து கடற்பரப்பிலும் சுமார் 90 கிலோமீட்டர் வரை ‘காண’ வல்லது.

இங்கு இரண்டு உண்மைகளைக் கவனித்தல் வேண்டும். அடிவானத் தூரத்தை இரட்டிக்க விரும்பினால், உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். மற்றொன்று, ஒலிபரப்பியின் மின்திறனை உயர்த்துவதால் அடிவானம் விரிவதில்லை. தடையற்ற வெளியில்கூடத் தூரத்தை இரட்டிக்கத் திறனை நான்கு மடங்காக்க வேண்டும். அடிவானத்துக்கு அப்பாலோ அதிலும் பெரும்பயன் இல்லை. அதிகத் திறனுள்ள விலையுயர்ந்த சாதனத்தைப் பள்ளத்தில் வைப்பதைக் காட்டிலும், சாதாரணச் சாதனத்தை மேட்டில் வைப்பதே மேலாகும்.

மறுபரப்பு நிலையமும் மலையின் நிழலும்

மலை உச்சியில் நிறுவப்படும் ‘ரிப்பீட்டர்’ என்னும் மறுபரப்பு நிலையம் இத்தத்துவத்தையே அடிப்படையாகக் கொண்டது. கீழிருந்து வரும் மெலிந்த அலையை அது ஓர் அதிர்வெண்ணில் ஏற்று, அதே கணத்தில் மற்றோர் அதிர்வெண்ணில் வலுவுடன் மீண்டும் பரப்புகிறது. ஒருவரையொருவர் நேரே எட்ட முடியாத இருவர், இருவருக்கும் தெரியும் மலைவழியாகப் பேசிக்கொள்கின்றனர்.

எனினும் மலைக்கும் ஒரு குறை உண்டு. நெடுந்தூரத்துக் கடலைக் காணும் மலை, தன் காலடியிலுள்ள பள்ளத்தாக்கைக் காண்பதில்லை. உச்சியிலிருந்து பார்ப்பவருக்கு, இடையிலுள்ள முகடுகளாலும் செங்குத்தான சரிவுகளாலும் அடிவாரத்தின் சில பகுதிகள் மறைந்தே இருக்கும். அப்பகுதிகளே வானொலிக்கு ‘நிழற்பகுதிகள்’ ஆகின்றன. பெருமழைக் காலத்தில் திடீரென்று பெருகும் ஆறுகளும், சரிவுகளிலுள்ள மலைவாழ் மக்களின் குடியிருப்புகளும் பெரும்பாலும் இத்தகைய நிழலிலேயே அமைந்திருக்கின்றன. பேரிடர் நேரக்கூடிய இடமும் செய்தி எட்டாத இடமும் ஒன்றாகவே இருக்கும் இந்நிலைமை, மலைப்பிரதேசங்களில் செய்தித்தொடர்பைத் திட்டமிடுவோர் முதற்கண் தீர்க்க வேண்டிய பிரச்சினையாகும்.

2022ஆம் ஆண்டு பொன்முடிச் சாலையின் ஒரு பகுதி சரிந்து, போக்குவரத்துச் சில மாதங்கள் நின்றது. இத்தகைய நேரத்தில் மேலே பழுதுபட்ட ஒரு நிலையத்தைச் சீர்செய்ய ஆள் செல்வதே அரிதாகிவிடும். ஆகவே முக்கியமான எந்த நிலையத்துக்கும் வேறொரு குன்றில் மாற்று நிலையம் ஒன்று இருத்தல் வேண்டும். அடிவாரத்து நிழற்பகுதிகளுக்கு எதிர்ச்சரிவில் ஒரு சிறு நிலையமோ, வாகனத்தில் ஏற்றிச் செல்லத்தக்க நிலையமோ தேவை.

ஒக்கிப் புயலின் பாடம்

2017 நவம்பர் 29ஆம் தேதி இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாயிற்று. மறுநாள் அது கன்னியாகுமரிக் கடற்பகுதியில் ‘ஒக்கி’ என்னும் புயலாக வலுப்பெற்றது. டிசம்பர் முதல் தேதி மிகத் தீவிரப் புயலாகி, லட்சத்தீவுகளைக் கடந்து, வடக்கே திரும்பி, டிசம்பர் 5ஆம் தேதி இரவில் தெற்குக் குஜராத் கரையருகே வலுவிழந்தது. தாழ்வு மண்டலம் மிகக் குறுகிய நேரத்தில் புயலாக மாறியதே இதன் விசேஷமாகும். எச்சரிக்கை வெளிவந்தபோது திருவனந்தபுரம் மாவட்டத்துப் பூந்துறை, விழிஞ்ஞம் முதலிய ஊர்களிலிருந்தும், கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை முதலிய ஊர்களிலிருந்தும் மீனவர் பலர் ஏற்கெனவே கடலுக்குச் சென்றிருந்தனர். நூற்றுக்கணக்கானோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர்.

இங்கே அலையின் கணக்கைப் பொருத்திப் பார்ப்போம். படகிலுள்ள ஏரியல் 4 மீட்டர் உயரமுள்ளதாயின் அதன் அடிவானம் 8 கிலோமீட்டர் மட்டுமே. கரையில் 50 மீட்டர் கோபுரம் இருந்தால் அதன் அடிவானம் 29 கிலோமீட்டர். இரண்டையும் கூட்ட 37 கிலோமீட்டர் ஆகிறது. இதற்கப்பால் உள்ள படகைக் கரையிலிருந்து நேரே அழைத்தல் அரிது. இரண்டு படகுகள் தமக்குள் பேசும் தூரமோ சுமார் 16 கிலோமீட்டர்தான். கைத்தொலைபேசியின் எல்லை இதனினும் குறுகியது. தூத்தூர்ப் பகுதியின் ஆழ்கடல் விசைப்படகுகளோ கரையைவிட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சென்று, வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிப்பவை. எனவே வானிலை இலாகாவின் எச்சரிக்கை எவ்வளவு துல்லியமானதாயினும், அதனை ஏற்கும் சாதனம் படகில் இல்லாவிடில் அது கரையோடு நின்றுவிடும்.

இக்குறையை நீக்க இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள உயர் அதிர்வெண் அலைகளைப் பயன்படுத்துதல். இவ்வலைகள் வானில் மிக உயரத்திலுள்ள அயனி மண்டலத்தால் திருப்பப்பட்டு, பூமியின் வளைவைத் தாண்டி நெடுந்தூரத்தில் வந்திறங்குகின்றன. எனினும் இம்மண்டலம் பகலுக்கும் இரவுக்கும் ஏற்ப மாறும் இயல்புடையது. திருவனந்தபுரத்துக்கு அருகிலுள்ள தும்பா, பூமியின் காந்த மத்தியரேகையை ஒட்டி அமைந்திருப்பதாலேயே 1963 நவம்பர் 21ஆம் தேதி அங்கிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டு, மேல் வளிமண்டல ஆராய்ச்சி தொடங்கிற்று. காந்த மத்தியரேகைப் பகுதிகளில் சூரியன் மறைந்தபின் அயனி மண்டலத்தில் ஏற்படும் கலக்கம் சில வேளைகளில் செய்தித்தொடர்பைப் பாதிப்பதுண்டு.

இரண்டாவது வழி செயற்கைக்கோள். பொன்முடி 1,100 மீட்டர் மலையாயின், செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் மலை எனலாம். ஒக்கிக்குப்பின் இத்துறையில் பல முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன. 2019 அக்டோபரில் ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் வாயிலாக ‘ஜெமினி’ என்னும் ஏற்புச் சாதனம் அறிமுகமாயிற்று. இது எச்சரிக்கையைப் படகுக்குக் கொண்டுசேர்க்கும். ஆனால் படகிலிருந்து பதில் அனுப்ப இயலாது. இதற்கு மாறாக, இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ஆபத்து அறிவிப்புச் சாதனம் படகின் இருப்பிடத்தைக் கடலோரக் காவற்படைக்கு அறிவிக்கும். அறிவிப்புப் பெறப்பட்டது என்ற பதிலையும் படகுக்குத் தரும் இரண்டாந்தலைமுறைச் சாதனம் 2024இல் வெளியாயிற்று. நீரில் தத்தளிக்கும் ஒருவருக்கு ‘உமது குரல் கேட்டது’ என்னும் சிறு பதில் எத்துணை ஊக்கம் தரும் என்பதை விவரிக்க வேண்டுவதில்லை.

நிதி வரும் வழிகள்

செய்திச் சாதனங்களுக்கான பொதுப்பணம் ஒரே ஊற்றிலிருந்து வருவதன்று. அதனைப் பெறும் படை எது, அதன் பணி எது என்பதைப் பொறுத்து வழிகள் மாறுகின்றன.

1. போலீஸ் படை. விடுதலைக்கு முன்பே, 1946இல், மத்திய உள்துறையின்கீழ்க் கம்பியில்லாச் செய்திக்கெனத் தனி அமைப்பு ஏற்பட்டது. அதுவே இன்று போலீஸ் வயர்லெஸ் ஒருங்கிணைப்பு இயக்ககம் என வழங்குகிறது. மாநிலப் போலீஸ் படைகளை நவீனமாக்கும் திட்டம் 1969-70இல் தொடங்கப்பட்டது. ஆயுதம், வாகனம், பயிற்சி ஆகியவற்றோடு செய்திச் சாதனங்களும் அதன் உதவிக்குரியவை. 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு மாநிலப் போலீஸ் நவீனமாக்கலுக்கென மத்திய அரசாங்கம் 4,846 கோடி ரூபாய் ஒதுக்கியது.

2. பேரிடர் நிதி. 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி தேசிய, மாநில நிதிகள் நிறுவப்பட்டன. 15ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு வகுத்த முறையில், மாநில நிதியின் ஒவ்வொரு 100 ரூபாயில் 20 ரூபாய் பேரிடர் தணிப்புக்கும், 40 ரூபாய் உடனடி மீட்பு நிவாரணத்துக்கும், 30 ரூபாய் புனரமைப்புக்கும், 10 ரூபாய் முன்னேற்பாட்டுக்கும் திறன் வளர்ச்சிக்கும் பிரிக்கப்பட்டது. கேரளம், தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் இதில் மத்தியப் பங்கு 75 சதவீதம். மாநிலப் பங்கு 25 சதவீதம். தேடுதல், மீட்பு, செய்தித்தொடர்பு ஆகியவற்றுக்கான சாதனங்களை மாநில நிதியிலிருந்து வாங்குவதற்கு 2015-20 கால விதிகளும் இடமளித்தன. ஆனால் ஆண்டு ஒதுக்கீட்டில் 10 சதவீதத்துக்கு மேற்படலாகாது.

3. தீயணைப்புப் படை. 2023 ஜூலையில், தேசியப் பேரிடர் நிதியின் முன்னேற்பாட்டுப் பகுதியிலிருந்து மாநிலத் தீயணைப்புத் துறைகளை விரிவாக்கி நவீனமாக்க 5,000 கோடி ரூபாய்த் திட்டம் தொடங்கிற்று.

4. மீனவர். ‘பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா’ திட்டம் 2020இல் தொடங்கப்பட்டது. படகுகளுக்கான செய்தி, தடமறி சாதனங்களுக்கும் இதில் உதவி உண்டு. தனிப்பட்ட பயனாளிக்குரிய உதவி பொதுப்பிரிவினர்க்கு 40 சதவீதமும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோர்க்கு 60 சதவீதமும் ஆகும். இவ்வுதவித் தொகையை மத்திய, மாநில அரசாங்கங்கள் 60க்கு 40 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்கின்றன. சாதனத்தின் விலை 30,000 ரூபாய் எனக் கொண்டால், பொதுப்பிரிவு மீனவருக்கு உதவி 12,000 ரூபாய். அதில் மத்தியப் பங்கு 7,200, மாநிலப் பங்கு 4,800. எஞ்சிய 18,000 ரூபாயை மீனவரே தேட வேண்டியிருக்கும். நாள் வருவாயை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது சிறு தொகையன்று. ஆகவேதான், 2024 ஆகஸ்டு 30ஆம் தேதி தொடங்கப்பட்ட 364 கோடி ரூபாய்த் தேசியத் திட்டத்தில், ஒரு லட்சம் படகுகளில் இருவழிச் செய்திச் சாதனங்களை இலவசமாகவே பொருத்த முடிவு செய்யப்பட்டது.

5. பொது எச்சரிக்கை. உலக வங்கிக் கடனுதவியுடன் நடைபெற்ற தேசியப் புயல் அபாயத் தணிப்புத் திட்டத்தின்கீழ், ஒடிசா மாநிலம் 2018 ஏப்ரலில் ஆறு கடலோர மாவட்டங்களில் 122 எச்சரிக்கைக் கோபுரங்களை இயக்கத் தொடங்கிற்று. கேரளத்தில் ‘கவசம்’ என்னும் எச்சரிக்கை ஏற்பாடு 2025 ஜனவரியில் தொடங்கப்பட்டது.

அபாயம் நெருங்கிய வேளையில் டெண்டர் கோரிக் காத்திருக்க இயலாது. அத்தகைய நேரத்தில் டெண்டரின்றி அவசரமாகப் பொருள் வாங்க அனுமதிக்கும் அதிகாரம் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 50ஆவது பிரிவில் உள்ளது. எனினும் கம்பியில்லாச் சாதனங்களுக்கு அப்பிரிவை நம்பியிருத்தல் அறிவுடைமையாகாது. சாதனத்தை வெள்ளத்தின் நடுவே வாங்கிவிடலாம். அதனை இயக்கும் பயிற்சியையும் அதற்குரிய அதிர்வெண் அனுமதியையும் அப்போது வாங்க இயலாது. அதிர்வெண் ஒதுக்கீடு 1952இல் ஏற்பட்ட மத்தியக் கம்பியில்லாத் திட்டப் பிரிவின் பொறுப்பிலுள்ளது. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி, பேரிடர் மேலாண்மைக்கும் உயிர், உடைமைப் பாதுகாப்புக்கும் உரிய அலைவரிசைகளை ஏலமின்றி ஒதுக்கலாம்.

எதன்மீது செலவிடுவது?

நிதி கிடைத்தவுடன் புதிய வாக்கி-டாக்கிகளை மிகுதியாக வாங்குவதே இயல்பான விருப்பம். பட்டியலில் எண்ணிக்கை கூடும், விநியோகமும் எளிது. ஆனால் பேரிடரின் மூன்றாம் நாளில் ஒரு செய்தி முறையைக் காப்பது பெரும்பாலும் மின்சேமக்கலமே, அதாவது பாட்டரியே. 2018 ஆகஸ்டு 1 முதல் 19 வரை கேரளத்தில் பெய்த மழை 758.6 மில்லிமீட்டர், இது வழக்கமான அளவைவிட 164 சதவீதம் அதிகம். மின்சாரம் நின்று, ஜெனரேட்டருக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் வழியும் அடைபட்ட இடங்களில் கைத்தொலைபேசிக் கோபுரங்கள் செயலற்றன.

ஓர் உதாரணக் கணக்கைக் காண்போம். ஒரு மறுபரப்பு நிலையம் ஒலிபரப்பும்போது 10 ஆம்பியரும், சும்மா இருக்கும்போது 1 ஆம்பியரும் மின்சாரம் கொள்வதாகக் கொள்க. நெருக்கடியில் அது ஐந்தில் ஒரு பங்கு நேரம் ஒலிபரப்புகிறது எனில், சராசரி மின்னோட்டம் 2.8 ஆம்பியர். 100 ஆம்பியர்-மணி கொண்ட ஈயச் சேமக்கலத்தில் பாதியை மட்டுமே செலவிடுவது அதன் ஆயுளுக்கு நல்லது. ஆகவே 50ஐ 2.8ஆல் வகுக்க, 18 மணி நேரம் கிடைக்கிறது. மூன்று நாட்களுக்கு, அதாவது 72 மணி நேரத்துக்கு, இத்தகைய சேமக்கலங்கள் நான்கு வேண்டும். ஒன்றுடன் நிறுத்திக்கொண்ட நிலையம் முதல்நாள் இரவைக்கூட முழுதாகக் காணாது. நான்கு வைத்த நிலையம் மழை ஓயும்வரை பேசும். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள செலவு வித்தியாசம் மூன்று சேமக்கலங்களின் விலையே.

சேமக்கலங்கள் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். சாதனம் வாங்கும் செலவு மூலதனச் செலவு. சேமக்கலம் மாற்றுதல், ஏரியல் பழுதுபார்த்தல், இயக்குநருக்குப் பயிற்சி அளித்தல் ஆகியவை தொடர்செலவுகள். திட்ட உதவி முன்னதற்கு எளிதில் கிடைக்கும். பின்னதை அந்தந்தத் துறையின் ஆண்டு வரவுசெலவில்தான் தேட வேண்டும். ஆதலின் திட்ட அறிக்கையைத் தயாரிக்கும்போதே முதல் ஐந்தாண்டுகளின் பராமரிப்புச் செலவையும் கணக்கிட்டு, அதற்கு உரிய தலைப்பில் இடம் ஒதுக்குதல் அவசியம்.

பல படைகள், ஒரே பேச்சு

பேரிடர்க் களத்தில் போலீஸார், தீயணைப்போர், தேசியப் பேரிடர் மீட்புப் படையினர், வன ஊழியர், மருத்துவர், மீனவர் ஆகிய பலரும் கூடுவர். ஒவ்வொருவர் சாதனமும் வெவ்வேறு அதிர்வெண்ணில் இயங்குமாயின், அருகருகே நின்றும் அவர்கள் ஒருவரோடொருவர் பேச முடியாதவர் ஆவர். 2001 செப்டம்பர் 11ஆம் தேதி நியூயார்க் நகரத்தில் உலக வர்த்தக மையம் தாக்கப்பட்டபோது, கட்டிடம் நிலைகுலைவதைப் போலீஸ் ஹெலிகாப்டரிலிருந்து கண்டவர்களின் எச்சரிக்கை, உள்ளேயிருந்த தீயணைப்போரை நேரே எட்டவில்லை. இரு துறைகளின் வானொலிகளும் இணைக்கப்பட்டிருக்கவில்லை. இவ்வனுபவத்தின் பயனாக 2012இல் அமெரிக்க அரசாங்கம் சட்டமியற்றி, மீட்புப் படையினருக்கெனத் தனிச் செய்தி வலை அமைக்க 700 கோடி டாலர் ஒதுக்கிற்று. இந்தியாவிலும், 2018 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் நாடு முழுவதற்கும் இத்தகைய ஒருங்கிணைந்த வலை வேண்டுமெனப் பரிந்துரை செய்தது.

பெருஞ்செலவுத் திட்டங்கள் நிறைவேறும்வரை காத்திராமல் செய்யத்தக்கவையும் உண்டு. ஒரு மாவட்டத்தின் எல்லாப் படைகளும் ஒரு பொது அலைவரிசையை ஒப்புக்கொண்டு, ஒவ்வொரு சாதனத்திலும் அதனைப் பதித்துவைக்கலாம். ஆண்டுக்கு இருமுறை அதில் ஒத்திகை நடத்தலாம். இதற்கு ஆகும் பணம் சொற்பம், வேண்டுவது உடன்பாடே.

அமெச்சூர் வானொலி இயக்குநர்களின் உதவியையும் மறத்தலாகாது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி தாக்கியபோது, ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழு ஒன்று பாரதி பிரசாத் அவர்களின் தலைமையில் வேறொரு பணிக்காகப் போர்ட் பிளேயரில் இருந்தது. தொலைபேசிகள் அற்றுப்போன அத்தீவுகளிலிருந்து அவர்கள் செய்திகளை நாட்டுக்கு அனுப்பினர். 2018ஆம் ஆண்டு வெள்ளத்திலும், 2024 ஜூலை 30ஆம் தேதி வயநாட்டு முண்டக்கை, சூரல்மலை ஊர்களை அழித்த மலைச்சரிவிலும் கேரளத்து அமெச்சூர் இயக்குநர்கள் மாவட்ட நிர்வாகத்துக்குத் துணைநின்றனர். இவர்களுடைய சாதனங்கள் அவர்கள் சொந்தப் பணத்தில் வாங்கியவை. உரிமம் பெறும் தேர்வுக்கு மாணவரைத் தயார் செய்யும் பள்ளி, அரசாங்கத்துக்குச் செலவு வைக்காமல் ஒரு சேமப்படையை உருவாக்குகிறது எனலாம்.

வகுப்பில் செய்யத்தக்க சோதனைகள்

1. ஒரு சிறு பண்பலை வானொலிப் பெட்டியை இயங்கவிட்டு, மூடியுள்ள எவர்சில்வர்ப் பாத்திரத்தினுள் வைத்து நன்கு மூடுக. ஒலி தேய்ந்து இரைச்சலாகும். பின்னர் அதனை மண்பானையினுள் வைத்துப் பார்க்கச் செய்க. உலோகம் அலையைத் தடுப்பதும், மண் அவ்வளவு தடுக்காததும் புலப்படும்.

2. ஒரு பெரிய பூசணிக்காயின்மீது இரண்டு குண்டூசிகளைச் சிறிது தூரம் விட்டுக் குத்துக. இரண்டின் தலைகளுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்தால் அது காயின்மேல் படும். ஊசிகளை அதே இடத்தில் நெடியனவாக மாற்றினால் நூல் படாது. உயரத்தின் பயன் இதனால் விளங்கும்.

3. மாணவர் தம் ஊரின் வரைபடத்தில் மேடான இடங்களையும் கைத்தொலைபேசி எட்டாத பள்ளங்களையும் குறிக்கட்டும். இவ்வரைபடத்தின் பிரதியைப் பஞ்சாயத்து அலுவலகத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் அளித்தால், பாடம் ஊருக்கும் பயன்படும்.

முடிவுரை

அரசாங்க நிதி சாதனத்தை வாங்கித் தரும். அது செய்தியைக் கொண்டுசேர்க்குமா என்பது, அதனை வைத்த இடம், அதன் சேமக்கலம், அதனை இயக்குவோரின் பழக்கம் ஆகியவற்றைப் பொறுத்தது. பொன்முடியின் உச்சியில் நின்று கடலைக் காண்போர், அதன் அடிவாரத்தில் தமக்குத் தெரியாத பள்ளத்தாக்குகளில் வாழ்வோரையும் நினைத்தல் வேண்டும். அங்கிருந்து ஒரு குரல் எழுந்தால் அது யாருக்குக் கேட்கும் என்பதைக் கோடைக் காலத்திலேயே சோதித்து அறிந்து, கேளாத இடங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றுக்கே முதலில் பணம் கோருவது கள ஊழியரின் கடமையாகும்.

பயிற்சி வினாக்கள்

1. 25 மீட்டர் உயரமுள்ள ஒரு கோபுரத்தின் வானொலி அடிவானத் தூரம் யாது? அதனை இரட்டிக்கக் கோபுரம் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

2. சாதனத்தின் திறனை உயர்த்துவதைக் காட்டிலும் ஏரியலின் உயரத்தைக் கூட்டுவது ஏன் சிறந்தது?

3. உமது ஊரில் வெள்ளம் வந்து மூன்று நாட்கள் மின்சாரம் நின்றால், எந்தெந்தச் செய்திச் சாதனங்கள் தொடர்ந்து இயங்கும்? அவற்றின் சேமக்கலங்கள் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டன?